ஏலம் போவது ஏலக்காய் மட்டுமா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் போகிறது. தட்டிலே காய், தட்டைச் சுற்றிலும் வணிகர். உருட்டிப் பார்க்கின்றனர், முகர்ந்து பார்க்கின்றனர், பருமன் எத்துணை, பச்சை எத்துணை என்று கணக்கிடுகின்றனர். அன்று குரல் கொடுத்துக் கேட்டனர். இன்று மின்னணு ஏலம், பொத்தானை அழுத்திக் கேட்கின்றனர். கருவி மாறிற்று, ஆனால் மதிப்பிடுவது இன்னமும் கண்ணும் மூக்கும்தான்! பருத்த காய்க்குப் பெருவிலை. பளிச்சென்ற பச்சைக்கு மேல்விலை. சொறி விழுந்த காய்க்குச் சொற்பவிலை.

நாம் கேட்கிறோம்: நஞ்சு கண்ணுக்குத் தெரியுமா? மூக்குக்கு எட்டுமா?

மலைச்சரிவிலே காய் விளைவிக்கும் சிறு விவசாயியைக் கூண்டில் ஏற்றிவிட்டு, நீதி வழங்கிவிட்டோம் என்று மார்தட்டுவது நமக்கு உடன்பாடன்று. இலைப்பேன் சுரண்டினால் காயின் தோலில் சொறி விழுகிறது. துளைப்பான் புகுந்தால் தண்டு பட்டுப்போகிறது. சொறிக்காயை எவர் வாங்குவார்? ஆகவே அவர் தெளிப்பானைக் கையில் எடுக்கிறார். சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில் தெளித்தால் ஆபத்து குறைவு. அளவை மீறி, அடிக்கடி அடித்து, ஆறும் முன்பே காயைப் பறித்தால், மிச்ச நஞ்சு காயோடு சேர்ந்து மலையிறங்கி வருகிறது.

மலையிலே நஞ்சு என்றால், கிடங்கிலே சாயம்! வெளுத்த காய்க்குப் பச்சை பூசினால் விலை ஏறும் என்று கண்டவர்கள் செய்யும் கைவரிசை அது. ஏலக்காய்க்குச் செயற்கை நிறம் ஏற்றக்கூடாது என்பது சட்டம். ஆயினும் சாயமேற்றிய காய் பிடிபடும் செய்தி ஏடுகளில் வருகிறது. வியப்பென்ன? கண்ணைப் பார்த்து விலை தரும்வரை, கண்ணை ஏய்க்கும் வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். இது நீதிபோதனையன்று, தோழர்களே, அங்காடியின் கணக்கு!

இந்தக் கணக்குக்கு எதிராக நிற்பவர் யார்? படை திரட்டி வந்தவரா? இல்லை. ஒரு பை, சில சீசாக்கள், கொஞ்சம் அரக்கு, நூல், முத்திரை — இவையே ஆயுதம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்று பெயர். கிடங்குக்குள் நுழைகிறார், மாதிரி எடுக்கிறார், நான்கு கூறாக்குகிறார், முத்திரையிடுகிறார், பகுப்பாய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார். 14 நாளில் அறிக்கை தரவேண்டும் என்கிறது 2006ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். அந்த 14 நாளுக்குள் அவருக்கு வரும் தொலைபேசிகள் எத்தனை, தூதுகள் எத்தனை என்பதைச் சட்டம் எழுதி வைக்கவில்லை!

நோய் தீர்க்கும் மருத்துவரை நாடு கையெடுத்துக் கும்பிடுகிறது. நோய் வராமல் தடுத்தவரை யார் கும்பிடுவார்? வாந்தி எடுக்காத குழந்தைக்கும், வயிற்றுப்போக்கில் சாகாத கிழவிக்கும், தம்மைக் காத்தவர் யாரென்று தெரியாது. அந்தப் பணியில் வெற்றி என்றால் செய்தியே இல்லை. தோல்வி என்றால் பிணம்!

பிணத்தின் கணக்கையும் பார்ப்போம். 1958ம் ஆண்டு, நமது மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில், ரொட்டி தின்றவர்கள் சுருண்டு விழுந்தனர். மாவிலே பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி. பம்பாயிலிருந்து கொச்சிக்கு வந்த கப்பலில் நஞ்சையும் மாவையும் ஒன்றாக ஏற்றினர். நஞ்சு கசிந்து மூட்டையில் இறங்கிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விசாரணைக் குழு வந்தது, பரிந்துரை வந்தது, பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968ல் நிறைவேறிற்று, 1971ல்தான் நடைமுறைக்கு வந்தது. சாவுக்கு ஆனது சில நாள். சட்டத்துக்கு ஆனது பதின்மூன்று ஆண்டு!

பழங்கதை என்பாரோ? 2013 ஜூலையில், பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளியில், மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மடிந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டபாஸ்! பாரத்தியானுக்கு அது பங்காளி. ஏலத்தோட்டத்தில் தெளிக்கும் குயினால்பாசும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். உலகெங்கும் கெட்ட உணவால் ஆண்டுதோறும் 60 கோடிப் பேர் நோயுறுகின்றனர், 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர் சாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2015ல் மதிப்பிட்டது.

இனி, அந்தக் காயைப் பறிக்கும் கைகளைப் பார்ப்போம். விடியுமுன் போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் தாய்மார்கள் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறுகின்றனர். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் இடுக்கியின் ஏலத்தோட்டம். செடியின் அடியிலே, மண்ணோடு படர்ந்த சரத்திலிருந்து குனிந்து காய் பறிக்கின்றனர். நண்பகல் ஆனால் அதே கையால்தான் சோறு. சோப்பு உண்டா? கை கழுவத் தண்ணீர் உண்டா? நிழலுண்டா? 150 தொழிலாளருக்கு மேல் உள்ள தோட்டத்தில் உணவுக்கூடம் வேண்டும் என்று 1951ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே எழுதி வைத்தது. சில ஏக்கர் தோட்டத்தில் 150 பேர் ஏது? சட்டம் உயரப் பறந்தது. தூக்குச்சட்டி தரையிலே இருந்தது!

மாலையில் தலைசுற்றலும் வாந்தியும் கண்டால் அந்தத் தாய் எங்கே போவாள்? போடி அரசு மருத்துவமனைக்கு. நஞ்சு தெளித்த இடம் கேரளம். நோய் கண்ட இடம் தமிழகம். காய் விற்ற இடம் போடி. வாரியம் டில்லியின் கையில். இடுக்கி அலுவலர் மலையிறங்க மாட்டார். தேனி அலுவலர் எல்லை தாண்ட முடியாது. நஞ்சுக்கு மட்டும் சோதனைச்சாவடி இல்லை!

அடுத்துத் தராசைக் காண்போம். கப்பலேறும் சரக்கைச் சோதிக்க நறுமணப் பொருள் வாரியத்துக்குப் பகுப்பாய்வுக்கூடங்கள் உண்டு. பூச்சிமருந்து மிச்சம் என்று சவூதி அரேபியா நமது ஏலக்காயைத் தடுத்ததுண்டு. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாப் பொட்டலங்களில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லித் தடுத்தன. அதன் பிறகே இங்கே சோதனைகள் முடுக்கிவிடப்பட்டன. அயலான் விரலை நீட்டினால்தான் நமது வயிறு நினைவுக்கு வருமா? ஏற்றுமதி வயிற்றுக்கு ஒரு தராசு, உள்ளூர் வயிற்றுக்கு ஒரு தராசா?

ஆண்டவன் பெயரால் தரப்படும் பாயசமும் இந்த வழக்கிலிருந்து தப்பவில்லை. சபரிமலை அரவணையில் சேர்த்த ஏலக்காயில் அளவுக்கு மேல் பூச்சிமருந்து என்று அறிக்கை வந்து, 2023 ஜனவரியில் கேரள உயர்நீதிமன்றம் விற்பனையை நிறுத்திற்று. ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் தேங்கின. 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கிற்று. வழக்கில் வென்றவர் யார் என்பதல்ல நமது கவலை. டின்னில் அடைத்த பிறகு சோதிப்பதைவிட, மூட்டை அவிழுமுன்பே சோதித்திருந்தால் வழக்கும் இல்லை, வீணும் இல்லை. பக்தி காய்ச்சிய பாலில் நஞ்சு முறியாது. பகுத்தறிவு சோதித்தால்தான் தெரியும்!

இது நமது இயக்கத்துக்குப் புதிய அக்கறையன்று. 1920ல், தியாகராயர் காலத்தில், சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது நீதிக்கட்சி. மாகாணத்துக்குத் தனிப் பொதுச் சுகாதாரத் துறை வேரூன்றியதும் அந்த 1920களின் ஆட்சியிலேதான். 2022 செப்டம்பர் 15ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. பசித்தவனுக்குச் சோறு போடுவது பாதிக் கடமை. அந்தச் சோற்றில் நஞ்சில்லாமல் பார்ப்பது மறுபாதி. முதற்பாதியைச் செய்து காட்டிய மண், மறுபாதியை டில்லியின் கோப்புக்கு விட்டுவிடலாமா?

எனவே நாம் கேட்பவை இவை. போடி ஏலமையத்தின் அருகிலேயே நஞ்சையும் சாயத்தையும் கண்டறியும் பகுப்பாய்வுக்கூடம் வேண்டும். வாரியத்தின் பணத்திலே அது எழட்டும். மாநிலத்தின் அலுவலரும் அதைப் பயன்படுத்தும் உரிமை பெறட்டும். தேனி, இடுக்கி இரு மாவட்டத்துச் சுகாதார, உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் ஒரே பதிவேட்டை வைத்துக்கொள்ளட்டும். மலைமேல் தெளித்ததும் மலையடியில் வாந்தி எடுத்ததும் ஒரே பக்கத்தில் எழுதப்படட்டும். தோட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணாமல், ஒரு பெண் வேலை செய்தாலும் கை கழுவத் தண்ணீரும் சோப்பும் கட்டாயம் ஆகட்டும். மாதிரி எடுக்கும் அலுவலருக்கு ஆளும் ஊர்தியும் தாருங்கள்; தொலைபேசி மிரட்டலிலிருந்து காப்பும் தாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏலத்தட்டிலே காயின் பக்கத்தில் ஒரு சோதனைச் சீட்டு இருக்கட்டும். பருமனுக்கு விலை உண்டு, பச்சைக்கு விலை உண்டு. நஞ்சின்மைக்கும் விலை கிடைக்கட்டும். நேர்மையான விவசாயிக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் நாளில், தெளிப்பான் தானாகத் தாழும். அலுவலரின் முத்திரை செய்ய முடியாததை அந்தச் சீட்டு செய்யும்.

அதுவரை போடியில் ஏலம் போவது ஏலக்காய் மட்டுமன்று. அதைப் பறித்தவள் உடலும், அதைத் தின்பவன் உயிரும் சேர்ந்தே ஏலம் போகின்றன — அடிமாட்டு விலைக்கு!