ரிமாண்ட் ஆனவரின் மருந்துச் சீட்டு

உத்திரமேரூர் நீதிமன்றத்தில் ஒருவர் ரிமாண்ட் ஆனதும், 'ஜாமீன் எப்போது?' என்று வீட்டார் வக்கீலைச் சுற்றுகிறார்கள். அவர் சாப்பிட்டுவந்த மாத்திரையோ, அவருடைய குடிப்பழக்கமோ யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

தினமும் குடித்தவருக்கு உள்ளே போனதும் குடி சட்டென்று நின்றுபோகிறது. இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுங்கும், தூக்கம் போகும்; வலிப்பு வரலாம், இல்லாத ஆள் எதிரே நிற்பதாகத் தோன்றலாம். கூட இருப்பவர்கள் நடிப்பு என்பார்கள். சிகிச்சை தாமதமானால் உயிரே போகலாம். முதல் முறை சிறைக்குப் போன அவமானமும் சேர்ந்துகொண்டால், தற்கொலை எண்ணம் தலைதூக்குவதும் அந்த நாட்களில்தான்.

சிறை உளவியலாளருக்கு இன்று வேலை இருப்பது இங்கேதான். கைதியை எடைபோட்டு அறிக்கை எழுதுவதோடு அந்த வேலை முடிந்துவிடாது. சிறைகளின் மனிதத்தன்மையற்ற நிலை குறித்த வழக்கில் 2017 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், குறிப்பாக முதல் முறை வரும் கைதிகளுக்காக ஆலோசகர்களை நியமிக்கச் சொன்னது. 2018 மே முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியாலும் போதையாலும் வரும் மனக்கோளாறையும் நோயாகவே பார்க்கிறது.

உளவியலாளரிடம் பேசினால் ஜெயிலருக்குப் போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தைக் காக்கிறது; உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகளும் உண்டு. வழக்கு விவரத்தை வக்கீலிடம் மட்டும் பேசுவது நல்லது. மனம் திறக்கச் சொல்பவரே விடுதலைக்கான அறிக்கையையும் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ரிமாண்ட் நேரத்திலேயே குடிப்பழக்கம், பழைய சிகிச்சை எல்லாவற்றையும் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லுங்கள். மருந்துச் சீட்டின் நகல் சிறை மருத்துவரிடம் சேரும்படி வக்கீலை மனு போடச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க முடியாதவர்கள் 15100-ல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம்; காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. மனநோய் முற்றினால், மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவின்படி சிறை மருத்துவப் பிரிவின் மனநல வார்டுக்கோ, அது இல்லாத இடத்தில் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியோடு வெளி மருத்துவமனைக்கோ மாற்றலாம்.

புழல் சிறைக்கோ வேலூர் சிறைக்கோ மனு போட்டு அவரைப் பார்க்கப் போகும்போது, 'இனி இருந்து என்ன' என்று அவர் சொன்னால் அழுதுவிட்டுத் திரும்பாதீர்கள். அங்கேயே அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து, நகலை வக்கீலுக்கு அனுப்புங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கே மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.