எட்டு விநாடிகள்

எதிர்க்காற்று வீசும் நாளில் முன்னே செல்லும் நண்பனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிச் சைக்கிள் மிதிக்காத மாணவர் நம் காஞ்சியில் இருக்க முடியாது. அந்தச் சிறு தந்திரந்தான் 1903-இல் தொடங்கிய 'டூர் தெ பிரான்ஸ்' என்னும் பெரும் பந்தயத்தின் உயிர்நாடி.

நாளுக்கு ஒரு கட்டமாக 21 கட்டங்கள், மூன்று வாரங்கள், ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளர். இடையில் முன்னணியில் இருப்பவர் மஞ்சள் சட்டை அணிவார். தலைவரைக் காற்றிலிருந்து காக்கவும் தண்ணீர் கொண்டுவந்து தரவும் அணித்தோழர்கள் உண்டு. கோர்வைப் புடவைக்குக் கரை நாடா போடத் தறியில் ஒரு துணையாள் அமர்வதில்லையா, அதுபோல. (அந்தத் துணையாளின் பெயரைப் புடவை வாங்குபவர் யாரேனும் கேட்டதுண்டா?)

ஆனால் தனிநேர ஓட்டம் என்று ஒன்று உண்டு. அன்று ஒவ்வொருவராக இடைவெளி விட்டுப் புறப்படுவர். ஒதுங்க எவர் முதுகும் இல்லை. பெரும் ஏமாற்றங்கள் பல நிகழ்ந்தது அன்றுதான்.

1989-இல் கடைசிக் கட்டமே வெர்சேல்ஸிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் தனிநேர ஓட்டம். இருமுறை வென்றிருந்த பிரெஞ்சுக்காரர் லோரான் பினியோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் 1987-இல் வேட்டையின்போது தவறுதலாகச் சுடப்பட்டு, உடலில் ரவைகளுடனேயே மீண்டு வந்தவர். அவர் கைகளை முன்னே நீட்டி ஊன்றும் புதுவகை ஹாண்டில்பாரில் குனிந்து, காற்றைக் கிழித்துச் சென்றார். பினியோனோ பழைய முறையில், தலைக்கவசமின்றி, குடுமி காற்றில் பறக்க வந்தார். இருக்கை உராய்ந்த புண்ணின் வேதனை வேறு. 58 விநாடி இழந்தார். 87 மணி நேரத்துக்கு மேல் மிதித்த பிறகு எட்டே விநாடியில் தோல்வி! கோட்டைக் கடந்ததும் தரையில் சரிந்தார். குடுமியை வழித்திருந்தால் வென்றிருப்பார் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. ஊர்வாய் எங்கும் ஒன்றுதான் போலும்.

2020-இல் ஸ்லோவேனியாவின் பிரிமோஸ் ரோக்லிச்சுக்கும் இதே கதி. வலிமை மிக்க அவர் அணி மலைதோறும் அவரை முன்நின்று இழுத்துச் சென்றது. 57 விநாடி முன்னிலையும் கிடைத்தது. ஈற்றயல் நாளின் தனிநேர ஓட்டம் ஒரு மலையுச்சியில் முடிந்தது. அங்கே தோழர்களால் என்ன செய்ய முடியும்? அதே நாட்டின் தாடேய் போகாச்சார், 22 வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்த இளைஞர், அவரைவிட 1 நிமிடம் 56 விநாடி விரைவாக ஏறிவிட்டார். கோணலாய் நகர்ந்த தலைக்கவசத்துடன் ரோக்லிச் வந்து சேர்ந்த காட்சியை உலகமே பார்த்தது.

மூன்றாண்டுகள் கழிந்தன. 2023-இல் இத்தாலியப் பெரும் பந்தயம். மீண்டும் ஈற்றயல் நாள். மீண்டும் மலையேறும் தனிநேர ஓட்டம். இம்முறை ரோக்லிச் 26 விநாடி பின்தங்கியிருந்தார். போதாக்குறைக்கு ஏற்றத்தின் நடுவே சைக்கிள் செயின் கழன்றது. இறங்கி மாட்டிக்கொண்டு, பார்த்துநின்றவர் ஒருவர் தள்ளிவிட, மறுபடி மிதித்து 14 விநாடியில் முந்தினார். அன்று இளஞ்சிவப்புச் சட்டையை இழந்தவர் கெரைன்ட் தாமஸ்; 37-ஆம் பிறந்தநாள் முடிந்து இரண்டே நாள் ஆகியிருந்தது அவருக்கு.