பனி விழும் முன்பே சாலையில் உப்பு ஏன்?

இங்கிலாந்தில் குளிர்கால மாலைகளில் உள்ளாட்சி லாரிகள் சாலைகளில் பழுப்பு நிறப் பாறை உப்பைத் தூவிச் செல்லும். அதுவும் பனி உறைவதற்கு முன்பே. ஏன்?

தூய நீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். நீரில் கரைந்த உப்பு, மூலக்கூறுகள் பனிக்கட்டியாக அடுக்கப்படுவதைத் தடுக்கிறது, உறைநிலை இறங்குகிறது. முன்கூட்டியே தூவினால் பனிக்கட்டி தார்ச்சாலையைப் பற்றிக்கொள்ளாது. உறைந்தபின் உருக்கவோ அதிக உப்பு வேண்டும். மைனஸ் 10 டிகிரியை நெருங்கும்போது உப்பின் பலன் வெகுவாகக் குறையும். இடையில் மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும்.

“எங்கள் தெருவுக்கு லாரி வரவில்லையே?” என்பது ஆண்டுதோறும் எழும் புகார். 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம், நியாயமாக இயன்ற அளவுக்கே பாதுகாப்பைக் கோருகிறது. ஆகவே முக்கியச் சாலைகள், பேருந்துத் தடங்களுக்கே முதலிடம். தவிர, உப்பை நசுக்கிப் பரப்புவது வாகனச் சக்கரங்கள்தான்; வண்டிகள் அதிகம் ஓடாத தெருவில் அதன் வேலையும் மந்தம்.