வீட்டை மாற்றித் தங்கும் விடுமுறை: செலவு குறையும், நம்பிக்கை வேண்டும்

இரண்டு வருடங்களுக்கு முன்னர் நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பமாகப் போவதென்று தீர்மானித்தோம். அம்மா, அண்ணா குடும்பம், நான் என்று ஆறு பேர். தேரையும் தீர்த்தத்தையும் சேர்த்து எட்டு நாட்கள். யாழ்ப்பாண நகரத்து விடுதிகளுக்கு அழைப்பெடுத்துக் கேட்டால், அறை இருந்த இடங்களிலும் வழமையை விட இரண்டு மடங்கு வாடகை சொன்னார்கள். இரண்டு அறை, எட்டு இரவு என்று கணக்குப் பார்த்ததும் பயணத்தையே கைவிடலாம் என்று தோன்றியது.

அப்போதுதான் திருநெல்வேலியில் இருக்கும் ஆசிரிய நண்பி ஒருவர் அதே விடுமுறையில் பிள்ளைகளோடு கொழும்புக்கு வரவிருப்பது தெரிந்தது. அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். திருவிழா நெரிசலில் இருந்து கொஞ்ச நாள் தப்பவும், பிள்ளைகளுக்குத் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையையும் காலிமுகத்திடலையும் காட்டவும் நினைத்திருந்தார்கள். அவர்களும் விடுதி வாடகையைக் கேட்டு யோசித்துக்கொண்டிருந்தார்கள். "நீங்கள் எங்கட வீட்டில இருங்கோ, நாங்கள் உங்கட வீட்டில இருக்கிறம்" என்று அவர் சொன்னது முதலில் பகிடியாகத்தான் பட்டது.

அம்மாவுக்கு அது பகிடியாகப் படவில்லை. "வீட்டுத் திறப்பைப் பிறத்தியாரிட்டக் குடுக்கிறதோ பிள்ளை?" என்று கேட்டார். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது அம்மாவும் வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு நடந்தவர். அடுத்த வருடம் திரும்பிப் போனபோது கதவே இல்லை. திறப்பு மட்டும் கையில் இருந்தது. அவருடைய கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்லத்தான், வீடு மாற்றித் தங்குவது எப்படி நடக்கிறது என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஆசிரியர்கள் தொடக்கிய வழக்கம்

இது புதிதல்ல. 1953இல் ஐரோப்பாவில் சில ஆசிரியர்கள் தங்களுக்குள் விடுமுறைக்கு வீடுகளை மாற்றிக்கொள்ள 'இன்டர்வக்' என்ற வலையமைப்பைத் தொடங்கினார்கள். ஆசிரியர்களுக்கு நீண்ட விடுமுறை உண்டு, ஆனால் ஹோட்டலில் வாரக்கணக்கில் தங்குமளவுக்குச் சம்பளம் இல்லை. விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் வீடு மட்டும் எல்லோரிடமும் இருந்தது. அந்தக் காலத்தில் வீடுகளின் விவரங்களை அச்சிட்டுப் புத்தகமாக அனுப்பிவிட்டு, மீதியைக் கடிதத்தில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

1992இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட் குஷின்ஸ் என்பவர் தொடங்கிய 'ஹோம்எக்ஸ்சேஞ்ச்' பின்னர் இணையத்துக்கு வந்து பெரிதாக வளர்ந்தது. 2006இல் வெளியான 'த ஹொலிடே' என்ற ஹொலிவூட் படத்தில் இங்கிலாந்துப் பெண் ஒருவரும் லொஸ் ஏஞ்சலிஸ் பெண் ஒருவரும் வீடு மாற்றிக்கொள்வார்கள். அந்தப் படத்துக்குப் பிறகு இந்த வழக்கம் இன்னும் பலருக்குத் தெரியவந்தது. 2017இல் பிரான்சின் 'கெஸ்ட்டுகெஸ்ட்' நிறுவனம் ஹோம்எக்ஸ்சேஞ்சை வாங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அதற்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

மாற்றம் இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, நாங்கள் செய்ததுபோல் ஒரே நாட்களில் நேருக்கு நேர் மாற்றிக்கொள்வது. மற்றது, புள்ளி முறை. உங்கள் வீட்டில் ஒருவர் தங்கினால் உங்கள் கணக்கில் புள்ளிகள் சேரும். அவற்றைக் கொண்டு நீங்கள் வேறொரு காலத்தில், வேறொருவர் வீட்டில் தங்கலாம். இந்த முறையில் இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை கிடைக்க வேண்டியதில்லை. இரவுக்கு வாடகை கிடையாது, ஆனால் வருடாந்தக் கட்டணம் உண்டு. ஹோம்எக்ஸ்சேஞ்சில் அண்மைய ஆண்டுகளில் அது 200 அமெரிக்க டொலருக்கு மேல். எங்கள் ரூபாயில் அறுபதாயிரத்தைத் தாண்டும்.

எமக்கு எது பொருந்தும்?

வெளிநாட்டு இணையக் கட்டுரைகளைப் படித்தால் பாரிஸுக்கும் பார்சிலோனாவுக்கும் இலவசமாகப் போய்வரலாம் என்ற எண்ணம் வரும். தங்குமிடச் செலவு மட்டும்தான் இல்லாமல் போகும். விமானச் சீட்டும் விசாக் கட்டணமும் அப்படியேதான் இருக்கும். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் பிரித்தானியாவுக்கோ, கனடாவுக்கோ, ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கோ முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடத்துக்கான ஆதாரமும் காட்ட வேண்டும். பிரான்சில் தனியார் வீட்டில் தங்குவதானால், வீட்டுக்காரர் தன் நகரசபையில் அதற்கென உறுதிப்பத்திரம் எடுத்து அனுப்ப வேண்டும். முன்பின் பார்க்காத ஒருவர் எமக்காக அவ்வளவு அலைவாரா என்பது கேள்விதான். இந்த ஏற்பாட்டில் வீடுகள் சமமாக இருக்கலாம், கடவுச்சீட்டுகள் சமமில்லை.

ஆனால் நாட்டுக்குள்ளே இது நன்றாகப் பொருந்துகிறது. எங்கள் பருவங்கள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. நுவரெலியாவில் ஏப்ரலில் கூட்டம். திருகோணமலை, பாசிக்குடாக் கடற்கரைகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரை காலம். யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழா. அந்தந்தக் காலத்தில் அந்தந்த ஊரில் வாடகை ஏறும். அரச திணைக்களங்களிலும் வங்கிகளிலும் வேலை செய்பவர்களுக்கு அவர்களுடைய விடுமுறை பங்களாக்கள் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும். மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களிடம் இருப்பது சொந்த வீடுதான்.

புலம்பெயர்ந்த உறவுகளின் வீடுகளையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாணத்திலும் வருடத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் மாடிவீடுகளும் வீடுகளும் எத்தனையோ. அவர்கள் ஊருக்கு வரும்போது எங்கள் வீட்டில் தங்குவதும், நாங்கள் வேறொரு சமயம் கொழும்பிலுள்ள அவர்களுடைய வீட்டில் தங்குவதும் புள்ளி இல்லாத புள்ளி முறைதான்.

"சொந்தக்காரர் வீடு இருக்கும்போது இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் காசு போகாது, ஆனால் அவர்கள் படும் சிரமம் மனதில் கடனாக நிற்கும். வீட்டுக்காரர் அறையை விட்டுக்கொடுத்து நிலத்தில் படுப்பார், மாமி விடிய ஐந்து மணிக்கு எழும்பிச் சமைப்பார். வீடு மாற்றும்போது இரு பக்கமும் கொடுக்கிறது, இரு பக்கமும் எடுக்கிறது. யாரும் யாருக்கும் கடமைப்படுவதில்லை.

'இருந்தவன் வீட்டைப் பிடித்துவிட்டால்?'

அம்மாவின் உண்மையான பயம் இதுதான். போரில் வீடுகளை இழந்த, இடம்பெயர்ந்த நேரத்தில் வேறு ஆட்கள் குடியேறியதைக் கண்ட சமூகத்தில் இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது. ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

இலங்கையில் ஆட்சியுரிமை என்று சொல்லப்படுவது 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் இருந்து வருகிறது. ஒருவர் பத்து வருடங்கள் இடையூறின்றித் தொடர்ச்சியாக, உரிமையாளரின் உரிமைக்கு எதிராக ஓர் ஆதனத்தை வைத்திருந்தால்தான் அந்த உரிமையைக் கோரலாம். உரிமையாளரின் அனுமதியோடு சில நாட்கள் தங்குபவருக்கு அப்படி உரிமை பிறக்காது. போரினால் தங்கள் காணிகளுக்குப் போக முடியாமல் இருந்தவர்களைப் பாதுகாக்க 2016இல் 5ஆம் இலக்கச் சட்டமும் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் அவ்வாறு தடுக்கப்பட்டவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்க முடியாதபடி அது நிவாரணம் தருகிறது.

இருந்தாலும் வாய்ப்பேச்சோடு விடக்கூடாது. ஒரு பக்கக் கடிதம் போதும். யார் யார் தங்குகிறார்கள், எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை, வாடகை எதுவும் இல்லை, உரிமையாளரின் அனுமதியின் பேரில் மட்டுமே தங்குகிறார்கள் என்று எழுதி, அடையாள அட்டை இலக்கங்களுடன் இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுச் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி பெறாமல் இதைச் செய்யவே கூடாது. மாடிக் குடியிருப்பானால் நிர்வாகக் குழுவுக்கும் வாயிற் காவலாளிக்கும் சொல்லிவைக்க வேண்டும். வீட்டுக்கு வருவோரைப் பொலிஸில் பதிந்த காலத்தைக் கொழும்புத் தமிழர் மறந்திருக்க மாட்டார்கள். அயலவருக்கு முன்பே சொல்லிவிட்டால் வருகிறவர்களுக்குத் தேவையில்லாத கேள்விகள் வராது. வீட்டுக்குக் காப்புறுதி இருந்தால், வேறு ஆட்கள் தங்கும்போது அது செல்லுபடியாகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னச் சின்ன விடயங்கள்

எங்கள் மாற்றத்தில் பெரிய சிக்கல் வரவில்லை, சின்னவை வந்தன. திருநெல்வேலி வீட்டில் கிணற்று மோட்டாரை எவ்வளவு நேரம் போடுவதென்று எங்களுக்குத் தெரியவில்லை. முதல் நாளே தாங்கி நிரம்பி வழிந்து முற்றம் முழுக்க வெள்ளம். எங்கள் வீட்டில் அவர்களுக்குக் குப்பை எடுக்கும் நாள் தெரியாமல் மூன்று பை சேர்ந்துவிட்டது. அண்ணாவின் மகன் ஒரு கண்ணாடிச் சாடியை உடைத்தான். அதை அன்றே படமெடுத்து அனுப்பி, புதியது வாங்கி வைத்தோம். மறைத்திருந்தால் அதுவே மனக்கசப்பாகியிருக்கும்.

போகும் நாளும் திரும்பும் நாளும் மின்மானியைப் படமெடுத்தால் பாவித்த அலகுகளுக்கான காசைச் சண்டையில்லாமல் தீர்க்கலாம். எரிவாயு சிலிண்டர் முடிந்தால் யார் வாங்குவது, மச்சம் சமைக்கலாமா, சாமி அறைக்குள் யார் போகலாம், நாய்க்கு யார் சாப்பாடு வைப்பது என்பவற்றை முன்பே கதைத்துவிடுங்கள். எங்கள் வீடுகளில் சைவமா அசைவமா என்பது சின்ன விடயமல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வருகிறவர்களுக்காக வீட்டைத் துப்புரவாக்கியது அம்மாவும் அண்ணியும்தான். திருநெல்வேலியில் இறங்கியதும் குசினிக்குள் போனவர்களும் அவர்கள்தான். குசினி இருப்பதால் செலவு குறைகிறது என்று பெருமையாகச் சொல்கிறோம், அந்தச் செலவை யாருடைய விடுமுறையில் இருந்து கழிக்கிறோம் என்று பார்ப்பதில்லை. இரண்டாம் நாள் நாங்கள் ஒரு முடிவெடுத்தோம். மதியச் சாப்பாடு கடையில், பாத்திரம் கழுவுவது அண்ணாவும் நானும். அதன் பிறகுதான் அது அவர்களுக்கும் விடுமுறையாக இருந்தது.

முதல் முறை செய்பவர்கள் தெரிந்த குடும்பத்தோடு, ஒரு வார இறுதிக்கு மட்டும் செய்து பாருங்கள். நகை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றை ஓர் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். அதில் யாரும் குறை நினைக்க மாட்டார்கள். அவர்களும் தங்கள் வீட்டில் ஓர் அறையைப் பூட்டித்தான் வைத்திருந்தார்கள்.

கடந்த வருடமும் நாங்கள் வீடு மாற்றினோம். இந்த முறை வீட்டுத் திறப்பை நண்பியின் கையில் கொடுத்தது அம்மாதான். அலுமாரித் திறப்பை மட்டும் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார்.