உள்ளக மிதிவண்டிப் பயிற்சிக் கருவி

உள்ளக மிதிவண்டிப் பயிற்சிக் கருவி என்பது மிதிவண்டியை ஒரே இடத்தில் வைத்து மிதிக்க உதவும் கருவியாகும். கனடா, நார்வே போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் சாலைகள் உறைந்து வழுக்குவதால், பலர் இதை வீட்டுக்குள் பயன்படுத்துகின்றனர்.

வகைகள்

* பின்சக்கரத்தை உருளையில் அழுத்தும் வகை: விலை குறைவு, டயர் விரைவில் தேயும்.
* பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சங்கிலியைக் கருவியின் பற்சக்கரத்தில் மாட்டும் வகை: விலை அதிகம், ஓசை குறைவு.
* மூன்று உருளைகள் கொண்ட வகை: வண்டி எதனுடனும் பிணைக்கப்படாது, சமநிலை பழகாதவர் விழ நேரிடும்.

தேர்வு செய்தல்

மிதிப்பதற்கான எதிர்ப்பு விசையைக் காற்று, காந்தம் அல்லது திரவம் தருகிறது. காற்று வகை பேரிரைச்சல் எழுப்புவதால் அடுக்குமாடி வீடுகளுக்கு ஏற்றதன்று. விலையை மட்டும் பார்க்காமல், வண்டியின் பின் அச்சும் பற்சக்கர எண்ணிக்கையும் கருவிக்குப் பொருந்துமா என முதலில் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் எதிர்காற்று இல்லாததால் உடல் விரைவில் சூடேறும்; எனவே மின்விசிறியும் தேவை.