கேசட்டுக்குள் இரண்டு சில்லுகள்

மருதமுனையில் சாதாரண தரம் படிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய கேம் போலத் தெரியும் ஒன்றை விளையாடினாராம். மரியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே பேக்மேனாக மாறிவிடுகிறான். எதிரிகள் வேறொரு கேமிலிருந்து வருகிறார்கள், பின்னணி இன்னொன்றிலிருந்து, இசை மற்றொன்றிலிருந்து. சில வினாடிகளுக்கு ஒருமுறை எல்லாம் கலைந்து மறுபடி சேர்கிறது. "செயற்கை நுண்ணறிவுதானே இதை உடனுக்குடன் உண்டாக்குகிறது?" என்று கேட்கிறார்.

இல்லை. அவர் விளையாடியது 'ரோம் செக் ஃபெயில்'. ஃபார்ப்ஸ் என்ற பெயரில் கேம்கள் செய்யும் ஆஸ்திரேலியரான ஜராட் வுட்ஸ் 2008இல் இலவசமாக வெளியிட்டது. அன்றைய சாதாரணக் கணினியில் ஓடியது. அதற்குள் நுண்ணறிவு எதுவும் கிடையாது, நல்ல நிரல் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கான முதல் பாடம், கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் பெருநாள் காசு சேர்த்து டீவி கேம் வாங்கிய பிள்ளைகளின் கையிலேயே இருந்தது.

அந்த டீவி கேம்கள் பெரும்பாலும் நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபெமிகொம் கருவியின் பிரதிகள். அவற்றின் கேசட்டில் தூசு படிந்தால் இரண்டு விதமான கோளாறுகள் வரும். ஒன்று, திரை முழுவதும் ஒரே நிறமாக நின்றுவிடும், எதுவும் அசையாது. மற்றது வியப்பானது. இசை சரியாக ஒலிக்கும். பொத்தானை அழுத்தினால் ஆள் குதிப்பான், புள்ளியும் ஏறும். ஆனால் படம் மட்டும் சிதறிக் கிடக்கும்: சுவர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகள், ஆளின் தலையில் மேகத்தின் ஒரு துண்டு. கண்ணை மூடிக்கொண்டு விளையாடத் தெரிந்தால் அந்தக் கட்டத்தை முடித்தும் விடலாம்!

காரணம், அந்தக் கேசட்டுக்குள் இரண்டு தனிச் சில்லுகள் இருக்கின்றன. 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் 32 கிலோபைட் அளவுள்ள சில்லு நிரலுக்கு, 8 கிலோபைட் அளவுள்ள சில்லு படங்களுக்கு. (பிரதிக் கேசட்டுகளைத் திறந்தால் பெரும்பாலும் சில்லுக்குப் பதில் கறுப்புப் பசைத் துளிகள்தான் தெரியும், ஏற்பாடு அதேதான்.) நிரல் சில்லு கருவியின் மையச் செயலியோடு ஒரு கம்பித் தொகுதியில் பேசும். படச் சில்லு வேறொரு கம்பித் தொகுதியில் நேரே ஓவியச் செயலியோடு பேசும். பக்கத்துக்கு 8 புள்ளிகள் கொண்ட சின்னச் சதுரத் துண்டுகள், மொத்தம் 512, அந்தப் படச் சில்லில் இலக்கமிட்டு அடுக்கப்பட்டிருக்கும். நிரல் சொல்வதெல்லாம் "36ஆம் இலக்கத் துண்டை இந்த இடத்தில் வை" என்பது மட்டுமே. 36ஆம் துண்டில் இருப்பது செங்கல்லா, காளானா என்பதை நிரல் பார்ப்பதே இல்லை. மரியோவில் வானத்து மேகமும் தரையில் நிற்கும் பற்றையும் ஒரே துண்டுகள், நிறம் மட்டும் வேறு என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சிக்கனத்துக்காகச் செய்த வேலை அது. அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணமும் துண்டை இலக்கத்தால் மட்டும் அழைக்கும் இந்த முறைதான்.

ஆகவே படச் சில்லின் தொடுமுனையில் தூசு படிந்தால் படம் மட்டும் குழம்பும், கேம் சாகாது. நிரல் சில்லின் முனை தொடாவிட்டால் கேமே இல்லை. கோளாறு வந்தபோது கேசட்டை வாயால் ஊதியது பயன் தந்தது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். பயன் தந்தது கழற்றி மீண்டும் செருகியதுதான். ஊதிய ஈரம் உலோக முனையை அரித்ததுதான் மிச்சம்.

மருதமுனைக் கைத்தறியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நெசவாளியின் கால்கள் மிதிகளை ஓர் ஒழுங்கில் மிதிக்கின்றன. எந்த நூல் உயரும், எது தாழும் என்பதை அந்த ஒழுங்கு தீர்மானிக்கிறது. அதுதான் நிரல் சில்லு. ஊடாக ஓடும் நூலின் நிறம் படச் சில்லு. பச்சை நூலுக்குப் பதில் தவறிப்போய் மஞ்சளைக் கோத்துவிட்டால் சேலை எதிர்பாராத நிறத்தில் வரும், ஆனால் துணி துணியாகவே இருக்கும். கால் பிசகினால் நெசவே கெட்டுவிடும். இன்னும் போகலாம். ஒரே பாவில் முழத்துக்கு ஒரு நெசவாளியை உட்காரவைத்து, ஒவ்வொருவரையும் தத்தம் மிதி ஒழுங்கிலேயே நெய்யச் சொன்னால் என்ன ஆகும்? முதல் முழம் கட்டம், அடுத்தது கோடு, அதற்கடுத்தது பூ. பாவின் இழை எண்ணிக்கையும் அகலமும் மாறாதவரை துணி பிரிந்து போகாது. ஃபார்ப்ஸ் நெய்தது அப்படிப்பட்ட சாறன்.

ஏனெனில் அவர் படத்தை மட்டும் மாற்றவில்லை, விதியையும் மாற்றினார். மரியோவுக்கு ஈர்ப்புவிசை உண்டு. எதிரியைக் கொல்ல அவன் குதித்து மிதிக்க வேண்டும். ஸ்பேஸ் இன்வேடர்ஸின் பீரங்கி பக்கவாட்டில் மட்டும் நகரும், மேல்நோக்கி மட்டும் சுடும். பேக்மேனின் உலகம் மேலிருந்து பார்க்கும் வரைபடம், அங்கே கீழே விழுவது என்ற பேச்சே இல்லை. இத்தனை முரண்பட்ட விதிகளை ஒரே திரையில் உலவவிட வேண்டுமானால் எல்லாருக்கும் பொதுவான பாவு ஒன்று வேண்டும்.

அந்தப் பாவு நான்கு எண்கள். திரையில் உள்ள ஒவ்வொன்றும், அது பேயானாலும் விண்கல்லானாலும், கணினிக்கு ஒரு பெட்டிதான்: கிடையாக எங்கே, நிலைக்குத்தாக எங்கே, அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு. இரண்டு பெட்டிகள் தொடுகின்றனவா என்று அறிய நான்கே கேள்விகள். ஒன்று மற்றதற்கு முழுவதும் இடப்புறமா, முழுவதும் வலப்புறமா, முழுவதும் மேலேயா, முழுவதும் கீழேயா? நான்குக்கும் 'இல்லை' என்றால் தொடுகின்றன. அவ்வளவுதான். படம் என்னவென்று எவரும் கேட்கவில்லை, எந்தக் கேமிலிருந்து வந்தது என்றும் கேட்கவில்லை. மரியோ பேக்மேனாக மாறும் கணத்தில் பெட்டி நின்ற இடம் மாறுவதில்லை. அதன்மேல் போர்த்திய படமும் அதை நகர்த்தும் விதியும்தான் கழன்று வேறு ஏறுகின்றன. பாய்ந்துகொண்டிருந்தவன் பாதி வானத்தில் பீரங்கியாகிவிட்டால் என்ன செய்வது, புதிய பெட்டி பெரிதாக இருந்து சுவருக்குள் சிக்கினால் என்ன செய்வது என்பவையெல்லாம் நிரலாளர் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய கணக்குகள். எனக்கு இந்த நான்கு கேள்விகள் மீது தீராத ஆசை. இவ்வளவு சிறிய உடன்பாடு இவ்வளவு பெரிய குழப்பத்தைத் தாங்குகிறதே!

வரலாறு வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக. சின்ன விதியிலிருந்து பல காட்சிகளைப் பிறப்பிப்பதும் கேம்களை ஒன்றோடொன்று கலப்பதும் பழைய வழக்கம். 1982இல் டேவிட் கிரேன் 4 கிலோபைட் கேசட்டுக்குள் 'பிட்ஃபால்' கேமின் 255 காட்சிகளை அடைத்தார். ஒற்றை பைட் எண்ணை ஒழுங்காக நகர்த்தி நகர்த்தி, அந்த எண்ணிலிருந்தே மரத்தையும் குழியையும் பிறப்பித்தார். 2010இல் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் கிராஸ்ஓவர்' மரியோவின் கட்டங்களில் மற்றக் கேம்களின் நாயகர்களை அவரவர் ஆற்றலோடு ஓடவிட்டது.

தற்செயலாகக் கலப்பது மலிவானது என்பதைத்தான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். 10 நாயகர், 10 எதிரிகள், 10 பின்னணி, 10 இசை என்றாலே 10,000 சேர்க்கைகள் வந்துவிடும். அதை வைத்து "10,000 கேம்கள்" என்று விளம்பரம் செய்யலாம். செய்தும் இருக்கிறார்கள். "99,99,999 கேம்கள்" என்று எழுதிய கேசட்டை வாங்கியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், உள்ளே விரல்விட்டு எண்ணக்கூடிய சில கேம்களே பெயர் மாறி, கட்டம் மாறித் திரும்பத் திரும்ப வரும். 2016 ஆகஸ்டில் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' சுமார் 1 இலட்சத்து 84 ஆயிரம் கோடி கோடி கோள்களை வாக்களித்தது. எண்ணிக்கை உண்மைதான். ஆனால் சில கோள்களைச் சுற்றிப் பார்த்தவர்கள் சலித்துப்போனார்கள். அதை உருவாக்கிய நிறுவனம் அதன்பின் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் புதிய விதிகளைச் சேர்த்த பிறகுதான் கேம் மரியாதை பெற்றது.

செயற்கை நுண்ணறிவு பற்றிய வாசகரின் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கூகுள் டீப்மைண்ட் 2025 ஆகஸ்டில் அறிவித்த 'ஜீனி 3' எழுத்தில் சொன்னதை நடமாடக்கூடிய உலகமாகக் காட்டுகிறது. வினாடிக்கு 24 படங்கள், அதுவும் நாம் அழுத்தும் பொத்தானுக்கு ஏற்ப. பொறியியல் சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் விதிக்கென்று எழுதிவைத்த தனிச் சில்லு கிடையாது. அடுத்த படம் எப்படி இருக்கக்கூடும் என்று கற்றுக்கொண்டதை வைத்து ஊகிக்கிறது, அந்த ஊகத்துக்குள்ளேயே விதியும் கரைந்திருக்கிறது. அதனால்தான் அந்த உலகம் சில நிமிடங்களுக்கு மேல் ஒழுங்காக நிற்பதில்லை. ஒரே வேகத்தில் ஓடி, பொத்தானை ஒரே அளவு நேரம் ஆயிரம் தடவை அழுத்தினாலும் மரியோவின் குதிப்பு அதே உயரம்தான், எழுதிவைத்த விதி அது. விதி மாறாது என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் விளையாட்டும் இல்லை என்பதே என் கருத்து.

இதைக் கற்க விலை உயர்ந்த கணினி தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஸ்க்ராட்ச் மென்பொருளில் உருவத்தின் உடையும் அதை ஆட்டும் நிரலும் தனித்தனிப் பக்கங்களில் இருக்கின்றன, கேசட்டின் இரண்டு சில்லுகளைப் போலவே. பூனையின் உடையை மீனாக மாற்றுங்கள், நடை மாறாது. பிறகு உடையை விட்டுவிட்டு விதியை மட்டும் மாற்றுங்கள். நம் பாடசாலைகளின் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: தட்டச்சும் அட்டவணையும் படிப்பிப்பதற்கு முன் ஒரு பாடவேளை பிள்ளைகளை இந்த இரண்டையும் செய்ய விடுங்கள். சம்மாந்துறையில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தின் கணினி மாணவர்கள் அருகிலுள்ள ஒரு பாடசாலைக்காவது வந்து அந்தப் பாடத்தை நடத்தித் தரலாம்.