கோடைப் பயணம்: டயரில் காற்றைக் குறைக்கலாமா?

சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் கிளம்பும்போது யாராவது சொல்வார்கள்: "வெயில் காலம், காத்தைக் கொஞ்சம் கம்மியா வைங்க. சூட்டுல விரிஞ்சு வெடிச்சிரும்." சூட்டில் காற்று விரியும் என்பது சரி. ஆனால் எவ்வளவு? 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ அடித்த டயர் 60 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய 38 ஆகும். நல்ல நிலையிலுள்ள டயர் இதைத் தாங்கும்படிதான் வடிவமைக்கப்படுகிறது.

ஆபத்து, காற்று குறைவாக இருப்பதில்தான் இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் டயர் நொடிக்குச் சுமார் 15 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் பகுதி நசுங்கி நிமிர்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தராது. ஒரு பங்கு வெப்பமாக உள்ளேயே தங்கிவிடும். ஒரு கம்பியை மாற்றி மாற்றி வளைத்துத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்று குறைந்தால் பக்கச்சுவர் கூடுதலாக வளையும், வெப்பமும் கூடும். ரப்பருக்கும் உள்ளிருக்கும் எஃகு இழைகளுக்கும் உள்ள பிணைப்பு மெல்லத் தளரும். ஆட்களும் மூட்டைகளும் ஏறினால் இன்னும் மோசம். வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் இது நடப்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

ஆகவே கிளம்பும் நாள் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்துவிடுங்கள். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும்; முழுச் சுமைக்கான எண்ணைத் தனியாகப் பாருங்கள். வழியில் சூடான டயரில் எண் கூடியிருந்தால் காற்றை இறக்காதீர்கள்.

ஸ்டெப்னி எனும் மாற்றுச் சக்கரத்தின் காற்றையும் அளக்க மறக்க வேண்டாம்.